பழைய சிஸ்டத்துக்கு எந்த ரேம் பொருந்தும்? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெரியப்பா வீட்டில் இருக்கும் சிஸ்டம் 2010-ல் அசெம்பிள் செய்தது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது கட்டில் மேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிக் காப்பாற்றிய மெஷின். அதனாலேயோ என்னவோ, அதை மாற்ற அவருக்கு மனசு வரவில்லை. உள்ளே 2 ஜிபி ரேம். கோயில் கணக்கை எக்செலில் போடுவார், பேப்பர் படிப்பார், பேத்தியோடு வீடியோவில் பேசுவார். குரோமில் மூன்று டேப் திறந்தால் மௌஸ் அப்படியே நின்றுவிடும். "ஒரு ரேம் வாங்கிப் போட்டுக் குடுடா" என்றார்.

டிடிஆர்3, அதாவது மூன்றாம் தலைமுறை டிடிஆர் ரேம் என்பது தெரியும். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் புது 4 ஜிபி ஸ்டிக் வாங்கி வந்து மாட்டினேன். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. கழற்றி மறுபடி மாட்டினேன், அதே கறுப்பு. கடைக்கு எடுத்துப் போனால் அவர்களுடைய மெஷினில் அழகாக 4 ஜிபி காட்டியது. "நம்ம பீஸ்ல கோளாறு இல்ல தம்பி, உங்க போர்டுதான் போச்சு" என்றார் கடைக்காரர். பாதி சரி. ஸ்டிக்கில் கோளாறு இல்லை. ஆனால் போர்டிலும், அதாவது மதர்போர்டிலும், இல்லை. இரண்டும் நல்ல பொருள்தான், ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில், குறை ரேமில்தானா?

வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 85, 90 என்று நின்றால் ரேம் போதவில்லை. இடம் இல்லாதபோது விண்டோஸ் கொஞ்சத்தைத் தூக்கி ஹார்டு டிஸ்க்கில் வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். கேபினட்டின் சிவப்பு விளக்கு ஓயாமல் மின்னுவது அதனால்தான்.

மெமரி 50 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100 காட்டுகிறதா? அப்படியென்றால் ரேம் வாங்காதீர்கள். அந்தக் காசில் சின்ன எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் போடும், சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று போடுங்கள். பத்து வருடத்துக்கு மேலான மெஷின்களில் எஸ்எஸ்டி கொடுக்கும் மாற்றத்தை ரேம் கொடுக்காது என்பது என் அனுபவம். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது, ஆனால் எது முதலில் என்று கேட்டால் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்வேன்.

இன்னொன்று, உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் சிஸ்டம் டைப் என்ற இடத்தில் இருக்கும். 32 பிட் என்றால் எத்தனை ஜிபி போட்டாலும் வீட்டு விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. அதிலும் கிராஃபிக்ஸ் போன்றவற்றுக்கு முகவரி ஒதுக்கியது போக, கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்றேகால், மூன்றரை ஜிபி. 64 பிட்டுக்கு மாற வேண்டுமானால் விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும், மேலே அப்டேட் செய்ய முடியாது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் பதிப்பையும் பார்க்க வேண்டும். 64 பிட்டாகவே இருந்தாலும் ஹோம் பேசிக் 8 ஜிபி வரைதான், ஹோம் பிரீமியம் 16 வரை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். ஆக, பழைய மெஷினில் எவ்வளவு செலவு செய்வது என்று முதலிலேயே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு 4 ஜிபி இருந்தாலே வண்டி ஓடும்.

கழற்றாமலே தெரிந்துகொள்வது

விண்டோஸ் 10-ல் அதே டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் கீழே வேகம், எத்தனை ஸ்லாட்டில் (ரேம் மாட்டும் இடம்) எத்தனை நிரம்பியிருக்கிறது, டிம்மா சோடிம்மா என்பதெல்லாம் வந்துவிடும். டிம் என்பது டெஸ்க்டாப்பின் நீள ஸ்டிக், சோடிம் என்பது லேப்டாப்பின் குட்டை ஸ்டிக். ஹார்டுவேர் ரிசர்வ்டு என்று ஒரு எண் இருக்கும். போர்டிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டது அதில் சேர்ந்திருக்கும். பதற வேண்டாம்.

இதைவிட நல்லது சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள். அதில் மெயின்போர்டு பக்கத்தில் போர்டின் பெயரும் சிப்செட்டும் (போர்டின் பாகங்களை இணைக்கும் முக்கிய சிப்) இருக்கும். அந்த இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் ஒரு போட்டோ. எஸ்பிடி பக்கத்தில் ஸ்லாட் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் எந்த ஸ்டிக், யார் தயாரிப்பு, எத்தனை ஜிபி, பார்ட் நம்பர் என்ன என்று எல்லாம் தெரியும்.

இங்கே ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். சிபியு-இசட்டின் மெமரி பக்கத்தில் வேகம் 665 என்று காட்டும். "1333 என்று சொல்லித்தானே விற்றார்கள், ஏமாற்றிவிட்டார்களே" என்று எனக்கு ஒரு நண்பர் போன் செய்தார். ஏமாற்றவில்லை. டிடிஆர் என்பதே ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்புவது. அந்த மென்பொருள் துடிப்பை மட்டும் காட்டுகிறது, நீங்கள் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனிலும் பார்க்கலாம். ஆனால் அசெம்பிள் சிஸ்டங்களில் மாடல் என்ற இடத்தில் "தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருக்கும். கடைசிவரை யாரும் நிரப்பவில்லை என்று அர்த்தம்.

திறந்து பார்ப்பது

மென்பொருள் என்ன சொன்னாலும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் நல்லது. ஷட்டவுன் செய்து, பின்னால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்தாறு வினாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் போய்விடும். முன்புறத்தைப் பார்த்து நின்றால் பொதுவாக இடது பக்கத் தகடுதான் கழற்ற வேண்டியது. உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

கடலூர், புதுச்சேரிக்காரர்கள் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். கடல் பக்கம் ஜன்னல் வைத்த வீடுகளில் கேட்டும் துணி காயப்போடும் கொடிக்கம்பியும் எந்த வேகத்தில் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதே உப்புக்காற்றுதான் கேபினட்டின் ஃபேன் வழியாகவும் போகிறது. பெரியப்பா மெஷினில் பக்கவாட்டு ஸ்க்ரூ நான்கில் இரண்டு துருப்பிடித்து வரவே மாட்டேன் என்றன. ரேமின் கீழே வரிசையாக இருக்கும் தங்கநிறத் தகடுகள் மங்கி, ஸ்லாட்டுக்குள் ஈரப்பசையோடு ஒரு கறுப்புத் தூசி படிந்திருந்தது. இப்படி இருந்தால் பழைய ரேமே சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. பல பேர் புது ரேம் வாங்குவதே இந்தத் தூசிக்காகத்தான். ஸ்டிக்கைக் கழற்றி, மென்மையான பென்சில் ரப்பரால் அந்தத் தகடுகளை லேசாகத் தேய்த்து, துகள்களைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டிப் பாருங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டவே வேண்டாம், அது தங்கப்பூச்சையே எடுத்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் கிடைத்தால் ரப்பரும் தேவையில்லை.

திறந்தது திறந்தாயிற்று, மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். ஸ்லாட் எத்தனை, போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் பெயர் என்ன, இப்போது இருக்கும் ஸ்டிக்கின் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது. மூன்றுக்கும் வெளிச்சமாக ஒரு போட்டோ.

எந்தத் தலைமுறை?

ஒரு தலைமுறை ரேம் இன்னொரு தலைமுறை ஸ்லாட்டில் போகாது. டிடிஆர்2-வும் டிடிஆர்3-யும் டெஸ்க்டாப்பில் ஒரே நீளம், இரண்டுக்கும் 240 பின். ஆனால் கீழே இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 பின், அங்கேயும் வெட்டின் இடம் வேறு. வெட்டு பொருந்தாமல் அழுத்தினால் உடையப் போவது ஸ்லாட். வோல்டேஜும் ஒவ்வொரு தலைமுறைக்கும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது: டிடிஆர்2-க்கு 1.8, டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1.

நம் ஊர் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இன்டெல் போர்டுகள் பெரும்பாலும் ஏழெட்டு சிப்செட்டுக்குள் அடங்கிவிடும். ஜி31 என்றால் டிடிஆர்2, அதிகபட்சம் 4 ஜிபி. அதில் காசு போடுவது வீண், என்னைக் கேட்டால் அதை அப்படியே விட்டுவிடுவேன். ஜி41-ல் சில போர்டு டிடிஆர்2, சில போர்டு டிடிஆர்3. இரண்டு வகை ஸ்லாட்டும் வைத்த போர்டுகளும் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வகைதான் போட முடியும். அதிகபட்சம் 8 ஜிபி. எச்61 இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிராசசருக்கு, எச்81 நான்காம் தலைமுறைக்கு. இரண்டுமே டிடிஆர்3, இரண்டு ஸ்லாட், 16 ஜிபி வரை. எச்110 வந்தபோது டிடிஆர்4 வந்துவிட்டது, 32 ஜிபி வரை. ஆனால் எச்110-லேயே டிடிஆர்3 ஸ்லாட் வைத்த மலிவு போர்டுகளும் வந்தன, அதனால் போட்டோ முக்கியம். இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) என்றால் டிடிஆர்4 மட்டும்தான்.

போர்டு கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலைத் தேடினால் மெமரி சப்போர்ட் பட்டியல் கிடைக்கும். அதில் இருக்கும் ஸ்டிக்குகள் சோதித்துப் பார்த்தவை. பட்டியலில் இல்லாதது ஓடாது என்று அர்த்தமில்லை, இருப்பது நிச்சயம் ஓடும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

லேபிளை எழுத்துக் கூட்டிப் படிப்பது

பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இது. ஒரு ஸ்டிக்கின் லேபிளில் இப்படி இருக்கும்: 4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600யு.

4 ஜிபி, அது தெரியும். பிசி3 என்றால் டிடிஆர்3. பிசி2 என்றால் டிடிஆர்2, பிசி4 என்றால் டிடிஆர்4. பிசி3எல் என்று இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது. 10600 என்பது ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு. எட்டால் வகுத்தால் 1333-க்குக் கிட்டத்தட்ட வரும், அதுதான் கடையில் சொல்லும் வேகம். பிசி3-12800 என்றால் 1600. பிசி4-19200 என்றால் 2400. கடைசியில் இருக்கும் யு எழுத்து, வீட்டு டெஸ்க்டாப்பில் போடும் சாதாரண ரேம் என்பதற்கு. எஸ் என்றால் லேப்டாப். ஆர் என்றால் சர்வர், அது நமக்கு ஆகாது.

நடுவில் இருக்கும் 2ஆர்எக்ஸ்8-தான் யாரும் பார்க்காத இடம். 2ஆர் என்றால் சிப்புகள் இரண்டு அணியாக இருக்கின்றன. எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் எட்டு பிட் கொடுக்கும். போர்டு ஒரு தடவை கேட்பது 64 பிட். ஆக ஒரு அணிக்கு எட்டு சிப், இரண்டு அணிக்குப் பதினாறு சிப். ஒரு பக்கம் எட்டு, திருப்பினால் இன்னொரு எட்டு. 1ஆர்எக்ஸ்8 என்றால் மொத்தமே எட்டு சிப், பெரும்பாலும் ஒரே பக்கத்தில்.

பெரியப்பா மெஷின் ஏன் கறுப்பாக நின்றது என்பதற்குப் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 4 ஜிகாபைட் என்பது 32 ஜிகாபிட். அதைப் பதினாறு சிப்பில் பிரித்தால் ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட். எட்டே சிப்பில் அடக்கினால் ஒரு சிப்புக்கு 4 ஜிகாபிட். பெரியப்பா போர்டு ஜி41. அது வந்த காலத்தில் 2 ஜிகாபிட் சிப்தான் பெரியது. அதற்கேற்ற முகவரிக் கம்பிகளோடுதான் அதன் மெமரி கண்ட்ரோலரை (ரேமோடு பேசும் பகுதி) செய்தார்கள். 4 ஜிகாபிட் சிப்பில் வரிசைகள் இரட்டிப்பு, அவற்றை எட்ட இன்னும் ஒரு முகவரிக் கம்பி வேண்டும். அது அந்த கண்ட்ரோலரில் இல்லை. பதினைந்து எண் வரை மட்டும் தெரிந்த தபால்காரரை முப்பது வீடுள்ள தெருவுக்கு அனுப்பியது மாதிரி. நான் வாங்கியது எட்டு சிப் ஸ்டிக். கடையின் சோதனை மெஷின் அதைவிடப் புதிய போர்டு, அதற்கு 4 ஜிகாபிட் தெரியும்.

ஜி41 மட்டுமல்ல, முதல் தலைமுறை ஐ3, ஐ5 போட்ட எச்55 போர்டுகளுக்கும் இதே கதைதான். உங்களிடம் இந்த இரண்டில் ஒன்று இருந்தால், 4 ஜிபி டிடிஆர்3 வாங்கும்போது பதினாறு சிப் ஸ்டிக்காக, 2ஆர்எக்ஸ்8 என்று எழுதியதாக வாங்குங்கள். 8 ஜிபி ஸ்டிக் பக்கமே போகாதீர்கள், அதில் பதினாறு சிப் இருந்தாலும் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட்தான். இரண்டாம் தலைமுறையிலிருந்து இந்தப் பிரச்னை இல்லை.

கிங்ஸ்டன் ஸ்டிக்குகளில் 2ஆர், 1ஆர் என்று தனியாக இல்லாவிட்டாலும் பார்ட் நம்பரிலேயே தெரிந்துவிடும். உதாரணமாக, கேவிஆர்16என்11எஸ்8/4. இதில் 16 என்பது 1600 வேகம், என் என்பது டெஸ்க்டாப், 11 தாமதக் கணக்கு, எஸ்8 என்றால் ஒரே அணி எக்ஸ்8 சிப், கடைசி 4 ஜிபி. எஸ்8 பார்த்தால் ஜி41-க்கு வேண்டாம் என்று வைத்துவிடலாம்.

விலை குறைவாக இருந்தாலும் தொடக்கூடாதவை

ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3, 4 ஜிபி டிடிஆர்2 என்று நம்ப முடியாத விலைக்கு வரும். விவரத்தைக் கீழே வரை படித்தால் ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். சில விற்பனையாளர்கள் அதையும் போடுவதில்லை. அவற்றில் எக்ஸ்8-க்குப் பதில் எக்ஸ்4 சிப்புகள். வீட்டு இன்டெல் போர்டுகளுக்கு எக்ஸ்4 புரியாது. படத்தில் பெயரற்ற ஸ்டிக்கர், பக்கத்துக்கு எட்டுக்கு மேல் சிப், கூட இந்த விலை என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று கம்பெனிகளில் கழித்துவிட்ட சர்வர் ரேம். செகண்ட் ஹேண்டில் 16 ஜிபி சல்லிசாகக் கிடைக்கும். லேபிளின் கடைசியில் ஆர் இருக்கும், பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒன்பதோ பதினெட்டோ சிப் இருக்கும், நடுவில் வேறு வடிவத்தில் இன்னொரு சிப் உட்கார்ந்திருக்கும். ஸ்லாட்டில் அழகாகப் போகும், மெஷின் எழாது.

வேகமும் வோல்டேஜும்

வேகத்துக்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். 1333 போர்டில் 1600 ஸ்டிக் போட்டால் அது 1333-ல் ஓடும். ஒன்று 1333, ஒன்று 1600 என்று கலந்தால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். இரண்டாம் தலைமுறை பிராசசர் முறைப்படி எடுப்பதே 1333 வரைதான். கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அலுமினிய இறக்கை வைத்து 1.65 வோல்ட் என்று எழுதிய கேமிங் ஸ்டிக்குகள் பழைய வீட்டு போர்டுக்குத் தேவையே இல்லை.

1.35 வோல்ட் பிசி3எல் ஸ்டிக்கைச் சாதாரண 1.5 வோல்ட் டெஸ்க்டாப்பில் போடலாம், அது இரண்டிலும் ஓடும்படி செய்தது. இதன் தலைகீழ்தான் ஆபத்து, அது லேப்டாப்பில் வரும்.

எத்தனை ஜிபி, எத்தனை ஸ்டிக்?

வீட்டு வேலைக்கு 2-லிருந்து 4 போனால் மூச்சு விடலாம், 4-லிருந்து 8 போனால் நிம்மதி. பழைய மெஷினில் 16 போடுவது, வீடியோ எடிட்டிங் போல ஏதாவது செய்தால் தவிர, தண்டம். அதிலும் 2025 கடைசியிலிருந்து மெமரி விலை எல்லா இடத்திலும் ஏறிக் கிடக்கிறது, ஏஐ டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிப்பதால்.

இரண்டு ஸ்லாட் போர்டில் 8 ஜிபி ஒரே ஸ்டிக்கா, 4-ம் 4-மா? ஒரே மாதிரி இரண்டு போட்டால் போர்டு இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும், டூயல் சேனல் என்பது அதுதான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், திரைக்கு வேண்டிய மெமரியும் அதே ரேமிலிருந்துதான் போகிறது. அதனால் நான் 4-ம் 4-ம் என்றே சொல்வேன். ஏற்கெனவே 4 ஜிபி ஸ்டிக் ஒன்று நன்றாக ஓடினால், அதன் லேபிளைக் காட்டி அதே மாதிரி இன்னொன்று வாங்கினால் போதும். பழைய 2 ஜிபியோடு 4 ஜிபி சேர்த்தாலும் பெரும்பாலும் ஓடும், வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

லேப்டாப் என்றால்

2011-லிருந்து தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்புகள் எத்தனையோ வீட்டில் அலமாரி மேல் கிடக்கின்றன. வருடத்துக்கு வருடம் கம்பெனியும் மாடலும் மாறியதால் "அரசு லேப்டாப்புக்கு ரேம்" என்று கேட்டுப் பயனில்லை, கழற்றிப் பார்த்தாக வேண்டும். சோடிம்மில் டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260.

பிராசசர் நம்பர் நான்கு இலக்கம் என்றால் அதன் முதல் எண்ணைப் பாருங்கள். ஐ3-4005யு என்றால் நான்காம் தலைமுறை. நான்காம் தலைமுறை லேப்டாப்புகளிலிருந்து டிடிஆர்3 என்றால் 1.35 வோல்ட் எல் வகைதான். பழைய 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போட்டால் எழாமல் போகலாம். எல் வகை வாங்கிவிட்டால் பழையதிலும் புதியதிலும் போடலாம் என்பதால் டிடிஆர்3 லேப்டாப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு எல் என்றே கேளுங்கள். மெல்லிய லேப்டாப் சிலவற்றில் ரேமை போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள், அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

கடையில்

டிடிஆர்3 புதிதாகக் கிடைப்பது குறைந்துவிட்டது, கிடைப்பதில் பாதி பெயர் தெரியாத பிராண்டு. ஆகவே, கழற்றிய பழைய ஸ்டிக்கே மேல் என்பது என் கருத்து. சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் சிப்பையே தயாரிப்பவை. அந்தப் பெயர் போட்ட, பெரிய கம்பெனி டெஸ்க்டாப்பில் இருந்து கழற்றிய ஸ்டிக் பத்து வயதானாலும் நம்பலாம். ரேமில் தேய்வதற்குச் சுற்றும் பாகம் எதுவும் இல்லை.

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சட்டையும் செருப்பும் வாங்கலாம், ரேம் வாங்காதீர்கள். அங்கே மாட்டிப் பார்க்க வழியில்லை, அடுத்த ஞாயிறு அதே ஆள் அதே இடத்தில் இருப்பார் என்பதும் நிச்சயமில்லை. கடை என்றால் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "என் போர்டு இது, இதில் ஓடாவிட்டால் மாற்றித் தருவீர்களா? அதை பில்லில் எழுதித் தருவீர்களா?" தலையாட்டினால் வாங்குங்கள்.

இதையெல்லாம்விடச் சிறந்த வழி கேபினட்டையே தூக்கிக்கொண்டு போவது. நான் கடைசியில் அதைத்தான் செய்தேன். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்னால் காலடியில் கேபினட்டை வைத்துக் கட்டி, முள்ளோடை தாண்டி புதுச்சேரி போய், பழைய சிஸ்டம் வாங்கி விற்கும் ஒருவர் கடையில் இறக்கினேன். போர்டைப் பார்த்ததுமே, "ஜி41-ஆ? பதினாறு சிப்பு தாண்ணே இதுக்கு" என்று ஒரு டப்பாவைத் துழாவி இரண்டு ஸ்டிக் எடுத்தார். இரண்டு ஞாயிறு நான் தேடிய விஷயத்தை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

மாட்டுவதும் ஓடாவிட்டால் செய்வதும்

ஸ்லாட்டின் இரண்டு பக்க க்ளிப்பையும் வெளியே தள்ளுங்கள் (சில போர்டில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும்). வெட்டைப் பொருத்தி, இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். க்ளிப் தானாக டக்கென்று மூட வேண்டும். நாம் நினைப்பதைவிட அழுத்தம் கொஞ்சம் கூடவே வேண்டும். பாதி உட்கார்ந்த ஸ்டிக்தான் "ரேம் போச்சு" புகார்களில் முக்கால்வாசி. லேப்டாப்பில் சாய்வாக நுழைத்து, பிறகு கீழே அமுக்க வேண்டும்.

முதல் முறை ஆன் செய்யும்போது திரை வர வழக்கத்தைவிட நேரமாகலாம், ஒரு தடவை அணைந்து தானே எழலாம். ஒரு நிமிடம் பொறுங்கள். நீளமாக பீப் பீப் என்று கத்தினால் ரேமை அது பார்க்கவில்லை என்பது பெரும்பாலும் காரணம். அப்போது ஒரு ஸ்டிக்கை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், பிறகு அதையே அடுத்த ஸ்லாட்டில், பிறகு இன்னொரு ஸ்டிக். குற்றவாளி ஸ்டிக்கா ஸ்லாட்டா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதிலும் சரியாகாவிட்டால், பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பழைய கணக்கை மறந்து புதிதாக எண்ணும். தேதி, நேரம் மட்டும் திரும்ப வைக்க வேண்டும். பத்து வருடப் பேட்டரி என்றால் அப்படியே புதிதாகவும் மாற்றிவிடுங்கள்.

64 பிட் விண்டோஸ், 4 ஜிபிக்கு மேல் ரேம், ஆனாலும் மூன்றேகால்தான் காட்டுகிறது என்றால் பழைய போர்டுகளின் பயாஸில் மெமரி ரீமேப் என்று ஒன்று இருக்கும், அதை எனேபிள் செய்யுங்கள். பயாஸ் அப்டேட் என்பது கடைசி வழி. யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம், பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

எழுந்துவிட்டது என்று உடனே மூடியைப் போட்டு முடுக்கிவிடாதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது, ஒருமுறை ஓடவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் ஸ்டிக் என்றால் மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க விடுவது என் வழக்கம். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் திரும்பக் கடைக்குத்தான். "ஒண்ணுதானே" என்று விட்டால் ஆறு மாதம் கழித்து கோயில் கணக்கு கோப்பு திறக்காமல் போகும்.

பெரியப்பா மெஷினில் இப்போது 8 ஜிபி, 64 பிட் விண்டோஸ், ஒரு சின்ன எஸ்எஸ்டி. நான் முதலில் வாங்கி ஏமாந்த அந்த எட்டு சிப் ஸ்டிக்கைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் எச்61 போர்டு இருந்தது, ஒரு ஸ்லாட் காலி. மாட்டினோம், முதல் தடவையிலேயே எழுந்தது.